புள்ளியும் நிரையும்: பேராக் தோட்டப்புறத் தமிழர் வாழ்வில் கோலங்கள்

ஒரு மக்களினத்தின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டுமே எழுதப்படுவதன்று. கல்வெட்டு எழுப்ப வாய்ப்பற்ற மக்கள், தம் வரலாற்றைக் கைப்பழக்கத்தில் எழுதி வைத்தனர். தாய் கை பார்த்து மகள் கற்றாள். தந்தை உளி பிடித்த விதம் கண்டு மகன் பிடித்தான். எழுத்தில் ஏறாத அக்கல்வி, கைகள் ஓய்ந்த அன்றே மறையும் இயல்புடையது. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைகள் வாழ்ந்த தமிழரின் அறிவு பெரும்பாலும் இவ்வகையினதே. தோட்ட நிர்வாகத்தின் ஏடுகளில் அவர்தம் பெயர் உண்டு. வேலைக்கு வந்த நாள் உண்டு. கொணர்ந்த பாலின் எடை உண்டு. அவர்கள் அறிந்திருந்தவை எவை என்பதற்கு அவ்வேடுகளில் இடமில்லை.

‘கோலம்’ என்னும் தமிழ்ச் சொல் அழகு, வடிவம், தோற்றம், ஒப்பனை எனப் பல பொருள் தருவது. வாசலில் இடப்படும் வரைவிற்கும் அதுவே பெயராயிற்று. ஒரு சிற்றுறுப்பு மீண்டும் மீண்டும் ஓர் ஒழுங்கில் வந்தமைவதே கோலத்தின் இலக்கணம். அவ்வொழுங்கு சில இடங்களில் இயற்கையில் தானே அமைந்து கிடப்பது. சில இடங்களில் அதிகாரம் படைத்தோரால் மக்கள்மேல் சுமத்தப்படுவது. வேறு சில இடங்களில் மக்கள் தாமே விரும்பிப் படைப்பது. பேராக் தோட்டப்புறத்தில் இம்மூன்றும் ஒரே மண்ணில் அருகருகே நின்றன. இம்மூன்றையும் பிரித்தறிவதே அம்மக்களின் வரலாற்றை அறிவதற்கு ஒரு வழியாகும்.

தோட்டம் வகுத்த கோடுகள்

ரப்பர் மரம் பிறந்த அமேசான் காட்டில் அதற்கு வரிசை என்பதே இல்லை. பிற மரங்களினூடே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி வளர்வது அதன் இயல்பு. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 விதைகளைப் பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் மாநகரின் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொணர்ந்தார். அவற்றுள் சிறு பகுதியே முளைத்தது. மறு ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுள் 9 கன்றுகள், அந்நாளில் பேராக்கின் ரெசிடெண்டாக விளங்கிய ஹியூ லோவின் பொறுப்பில் கோலகங்சாரில் நடப்பெற்றன. அம்மரங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் முதிய மரத்தைக் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே காணலாம்.

காட்டில் சிதறி நின்ற மரத்தை மனிதன் நிரைப்படுத்தியதே ரப்பர்த் தோட்டத்தின் தொடக்கம். பிரேசிலில் அம்முயற்சி வெற்றி பெறவில்லை. அங்குள்ள இலைக்கருகல் நோய், நெருங்கி நின்ற மரங்களை ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி அழித்தது. அமெரிக்கத் தொழிலதிபர் ஹென்றி போர்டு 1920களின் இறுதியில் அமேசான் வட்டாரத்தில் அமைத்த பெருந்தோட்டமும் அந்நோய்க்கு இரையாயிற்று. அந்நோய் பரவாத மலாயாவிலோ மரங்கள் படைவீரர் போல் அணிவகுத்து நின்றன.

தொடக்க காலத் தோட்டங்களில் பரவலாகக் கையாளப்பட்ட நடவு முறைகளுள் ஒன்று, மரத்திற்கு மரம் 20 அடி, நிரைக்கு நிரை 20 அடி என்னும் சதுர முறை. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி கொண்டது. மரம் ஒன்றிற்கு 400 சதுர அடி எனக் கொண்டால், ஏக்கருக்கு 108 மரங்கள் அமையும். அதே 20 அடி இடைவெளியை மாற்றாமல், ஒரு நிரையின் மரம் அடுத்த நிரையின் இரு மரங்களுக்கு இடையே விழுமாறு முக்கோண முறையில் நட்டால், ஏறத்தாழ 125 மரங்கள் இடம் பெறும். மேடு பள்ளமான நிலத்தில் நேர்க்கோடு உதவாது. அங்கே ஒரே உயரத்தில் குன்றைச் சுற்றிச் செல்லும் படிக்கட்டு வரிசைகள் வெட்டப்பட்டன. தொலைவில் நின்று நோக்குவார்க்கு அக்குன்று, விரல் நுனியின் ரேகையைப் போலத் தோன்றும்.

மரங்களுக்கு வகுத்த அதே கோடுகள் மனிதர்க்கும் வகுக்கப்பட்டன. ஒரே அளவினவாய், ஒரே கூரையின்கீழ், ஒட்டிக்கொண்டு நின்ற வீட்டு வரிசைகள் ‘லயம்’ எனப்பட்டன. வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே தமிழர் நாவில் லயமாயிற்று. விடியுமுன் சங்கோ தண்டவாளத் துண்டின் ஓசையோ எழுப்ப, தொழிலாளர் களத்தில் நிரையாக நின்று பெயர் கொடுத்தனர், அது ‘பெரட்டு’. துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி எனப் படிப்படியாய் இறங்கும் ஒழுங்கும் உடன் இருந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் மலாயாவில் ஒழிந்தது. கங்காணி வழி ஆள் சேர்க்கும் முறை, இந்திய அரசு விதித்த தடையால் 1938இல் நின்றது. முறைகள் மாறினும் லயத்தின் வரிசையும் பெரட்டின் வரிசையும் பல்லாண்டு மாறவில்லை.

இவ்வொழுங்கு மக்கள் விரும்பிப் படைத்ததன்று. ஆளை எண்ணுவதற்கும் வேலையைக் கண்காணிப்பதற்கும் எளிதாக வகுக்கப்பட்டது. ஆயினும் அவ்வரிசையின் நடுவே, தமக்கே உரிய வேறோர் ஒழுங்கைத் தமிழர் படைத்துக்கொண்டனர் என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு.

பட்டையில் எழுதிய கணக்கு

பால்மரம் சீவுதல் எளிய உடலுழைப்பென்று வெளியார் பலர் கருதினர். உண்மை அதுவன்று. 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் தலைமையை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தை மாய்க்காமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை அடுத்த பத்தாண்டுகளில் ஆய்ந்து கண்டார். பட்டையில் ஒருமுறை இட்ட வெட்டின் ஓரத்தையே மெல்லியதாய் மறுபடி சீவினால், பால் முன்னினும் மிகுதியாய் வரும் என்பது அவர் ஆய்வின் பயன். அந்நாளைய வெட்டு, நடுவே ஒரு நேர்க்கால்வாயும் அதன் இருபுறமும் சாய்ந்திறங்கும் பல கிளைகளுமாக மீன் முள்ளின் வடிவில் அமைந்தது. பட்டை விரைவில் தீர்ந்தமையால் அம்முறை கைவிடப்பட்டு, மரத்தின் அரைச் சுற்றில் ஒரே ஒரு சாய்ந்த வெட்டு என்னும் முறை நிலைபெற்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் சீவும் வழக்கமும் அதனுடன் வேரூன்றியது.

அச்சாய்வு ஒரு தனிக் கோலம். வெட்டு எப்பொழுதும் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும். சாய்வு 25 முதல் 30 பாகை வரை இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. பட்டையினுள் ஓடும் பாற்குழாய்கள் நேர் செங்குத்தாக நிற்பதில்லை. மரத்தைச் சுற்றிச் சில பாகை வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாய் இறங்கும் வெட்டு அக்குழாய்களுள் மிகுந்த எண்ணிக்கையை அறுக்கும். மாற்றிச் சாய்த்து வெட்டினால் பால் குறையும். கண்ணுக்குத் தெரியாத உட்கோலத்தை வெளிக்கோலம் தழுவிச் சென்றது என்பதே இதன் பொருள்.

ஆழமும் அவ்வாறே. பாற்குழாய்கள் செறிந்திருப்பது பட்டையின் உட்பகுதியில். அதற்கும் உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய வளர்திசு உள்ளது. அதனை உளி தொட்டால் மரத்தில் காயம் படும். மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகும். பின்னாளில் அங்கே ஒழுங்காய்ச் சீவ இயலாது. தொடாமலும் விலகாமலும் வளர்திசுவுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் அளவே பட்டையை எஞ்சவிட்டு, விடியாத இருளில், நெற்றியில் கட்டிய விளக்கொளியில், ஒரு காலைப் பொழுதில் சில நூறு மரங்களைச் சீவி முடித்த கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள். வெயில் ஏறுமுன் சீவ வேண்டியதற்கும் காரணம் உண்டு. இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்குமுன் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு வடியும்.

ஒவ்வொரு சீவலிலும் நீங்கும் பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். ஆண்டில் 150 நாள் சீவினால் நீங்குவது 225 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு சாண். ஆதலின் சீவிய பட்டையை நோக்கினால் ஓராண்டின் உழைப்பு ஒரு சாண் உயரத்தில் எழுதப்பட்டிருக்கும். அதில் இணையாய் நின்ற மெல்லிய வரிகள் ஒவ்வொன்றும் ஒரு விடியற்காலை. எந்த ஏட்டிலும் ஏறாத நாட்குறிப்பு மரத்தில் ஏறியிருந்தது. வெட்டு மேடுபள்ளமின்றி ஓடுகின்றதா, காயம் பட்டுள்ளதா என்பதைக் கொண்டே சீவியவரின் திறனைத் தேர்ந்தோர் கூறிவிடுவர்.

தோட்டத்தில் மரவரிசைக்கு வழங்கிய பெயர் ‘நிரை’. தமிழ் கற்பார்க்கு அச்சொல் புதியதன்று. யாப்பிலக்கணம் அசையை நேர், நிரை என இரண்டாகப் பகுக்கின்றது. அவ்விரண்டும் கூடித் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு சீராகும். மூன்றசை கூடின் 8. நான்கசை கூடின் 16. இரண்டே உறுப்புகள், இடம் மாறி நின்று எத்தனை வடிவம் தரும் என்பதைத் தமிழ் இலக்கணம் தொன்றுதொட்டே எண்ணி வைத்துள்ளது. ஒழுங்கைக் காணும் கண், தமிழ்க் கல்வியின் அடிப்படைகளுள் ஒன்று. ஏடு கற்றோர் அதனைச் செய்யுளில் கண்டனர். ஏடு கல்லாதோர் அதனை வாசலில் கண்டனர்.

வாசலில் இட்ட கணக்கு

லயத்து வீடுகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. ஒரு வீட்டை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டியது அதன் வாசல். பெரட்டுக்குச் செல்லுமுன், சாணம் தெளித்த மண் வாசலில் பெண்கள் கோலமிட்டனர். பொங்கல், தீபாவளி, கோயில் திருவிழா ஆகிய நாட்களில் அது பெருகி லயத்தின் முன்பரப்பையே மூடும். தோட்டம் அளித்த இடம் சில அடிகளே. ஆயினும் அச்சில அடிகளில் யாருடைய கட்டளையும் இல்லை.

கோலத்திற்கு அடிப்படை புள்ளி. புள்ளிகளை நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என இருவகையாக வைப்பர். நேர்ப்புள்ளியில் ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசையின் புள்ளிகளுக்கு நேரே நிற்கும். ஊடுபுள்ளியில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அடுத்த வரிசையின் புள்ளி விழும். தோட்டத்து நடவு முறைகளை முன்னர்க் கண்டோர்க்கு இஃது உடனே விளங்கும். சதுர நடவு நேர்ப்புள்ளி. முக்கோண நடவு ஊடுபுள்ளி. பகலெல்லாம் பிறர் வகுத்த புள்ளிகளிடையே நடந்தவள், விடியலில் தானே புள்ளி வைத்து, அவற்றிடையே தன் விருப்பப்படி கோட்டை நடத்தினாள்.

சிக்குக் கோலம் இவற்றுள் நுட்பம் மிக்கது. கோடு புள்ளியைத் தொடாமல் அதனைச் சுற்றி வளைந்து, குறுக்கே சென்று, ஓரத்தில் திரும்பி, இறுதியில் தொடங்கிய இடத்தையே வந்தடைய வேண்டும். கோட்டின் முனை எங்கும் தொங்கலாகாது. வளையத்துள் அகப்படாத புள்ளி இருத்தலாகாது. கையெடுக்காமல் ஒரே இழையில் முடிப்பது திறமையின் எல்லை எனக் கருதப்பட்டது.

எல்லாப் புள்ளிக் கணக்கும் ஒரே இழையில் முடிவதில்லை. நேர்ப்புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, கோட்டினைச் சாய்வாக ஓடவிட்டு, ஓரந்தோறும் திருப்பிக்கொண்டே சென்றால், எத்தனை இழை வேண்டும் என்பதற்கு ஒரு விதி உண்டு. வரிசைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் உரிய மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை இழைகள் வேண்டும். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி எனின், மீப்பெரு பொதுக் காரணி 1. ஒரே இழையில் கோலம் முடியும். மூன்றுக்கு மூன்று எனின் 3. மூன்று தனித்தனி இழைகள் வேண்டும். நான்குக்கு ஆறு எனின் 2. இரண்டு இழைகள் வேண்டும். தமிழ்ப்பள்ளி மாணவர் கணிதப் பாடத்தில் கற்கும் காரணி, அவர்தம் பாட்டியரின் விரல் நுனியில் அரிசி மாவாய் இறங்கியிருந்தது.

அப்பாட்டியர் இவ்விதியை இச்சொற்களால் அறிந்திருந்தனர் எனல் மிகையாகும். ஆயின் எந்தப் புள்ளிக் கணக்கு ஒரே இழையில் முடியும், எது முடியாது என்பதை அவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்தனர். முடியாத கணக்கை முடிக்கும் வழியும் அறிந்தனர். இரு வேறு இழைகள் ஒன்றையொன்று வெட்டும் ஓரிடத்தில், வெட்டவிடாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பிவிட்டால், அவ்விரண்டும் ஓரிழையாகிவிடும். மூன்றிழைக் கோலத்தில் தக்க இரண்டு இடங்களில் அவ்வாறு திருப்பினால் முழுக்கோலமும் ஓரிழையாகும். இது கணிதம் என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே அவர்கள் அதனைக் கையாண்டனர்.

உலக அறிஞர் இக்கலையின்பால் கவனம் செலுத்தியது இருபதாம் நூற்றாண்டில்தான். ஜான் லேயர்ட் என்னும் ஆங்கிலேய மானிடவியலார் 1937இல் தென்னிந்திய வாசற்கோலங்களைக் குறித்துக் கட்டுரை எழுதினார். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர், கோலத்திற்கும் கணிப்பொறி மொழியின் இலக்கணத்திற்கும் உள்ள உறவினை ஆய்ந்து 1974இல் கட்டுரை வெளியிட்டனர். சில அடிப்படை உறுப்புகளும் அவற்றை இணைக்கும் சில விதிகளும் கொண்டு எண்ணற்ற கோலங்களைப் பிறப்பிக்கலாம் என அவர்கள் நிறுவினர். எழுத்தும் புணர்ச்சி விதியும் கொண்டு எண்ணற்ற சொற்றொடர் பிறப்பதனை ஒத்தது இது.

இக்கலை தமிழர்க்கு மட்டுமே உரியதன்று என்பதும் அறியத்தக்கது. ஆப்பிரிக்காவின் அங்கோலா நாட்டில் சோக்வே மக்கள், மணலில் விரல் நுனியால் புள்ளி வைத்து, அவற்றைச் சுற்றி ஒரே கோட்டினை ஓட்டியவாறே கதை சொல்லும் மரபினர். அக்கோலங்கள் ‘சோனா’ எனப்படும். மொசாம்பிக் நாட்டுக் கணித அறிஞர் பாவுலுஸ் கெர்டெஸ் அவற்றை ஆய்ந்ததோடு தமிழர் கோலங்களுடன் ஒப்பிட்டும் காட்டினார். ஒன்றையொன்று அறியாத இரு மக்கள், கடலுக்கு இருபுறமும் நின்று, ஒரே விதியைத் தம் மண்ணில் எழுதியுள்ளனர். ஒழுங்கை நாடும் மனம் மனிதர் அனைவர்க்கும் பொது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

விதையின் வரியும் ஓலையின் சுழற்சியும்

தோட்டப்புறச் சிறுவர்க்கு முதல் விளையாட்டுப் பொருள் ரப்பர் விதை. மூன்று அறை கொண்ட காய், வறண்ட வெயிலில் ‘படீர்’ என வெடித்து, விதைகளைத் தொலைவில் எறியும். பளபளக்கும் அவ்விதையைக் கல்லில் தேய்த்துச் சூடேற்றித் தோழர் கையில் வைத்து அலற வைப்பது அந்நாளைய குறும்பு. விதை மேலோட்டில் பழுப்பும் வெள்ளியும் கலந்த வரிகளும் புள்ளிகளும் உண்டு. விதைகளை ஆராய்ந்து சேர்த்த சிறுவர், சில விதைகள் ஒன்றுபோலவே இருப்பதைக் கண்டிருப்பர். அஃது அறிவியல் உண்மையே. விதையின் மேலோடு தாய்மரத்தின் திசுவால் ஆனது. ஆகவே ஒரு மரத்தின் விதைகள் அனைத்தும் ஒத்த வரிகளையே தாங்கும். எந்த வகை மரம் என்பதை விதையின் வரி கொண்டே இனங்காணும் முறையை ரப்பர் ஆராய்ச்சித் துறையினரும் கையாண்டனர். ஆராய்ச்சியாளர்க்கு அடையாளச் சான்றாகியது, தோட்டத்துப் பிள்ளைக்குச் சட்டைப்பை நிறைந்த செல்வமாக இருந்தது.

ரப்பருக்குப் பின் செம்பனை வந்தது. 1990ஆம் ஆண்டையொட்டி நாட்டில் செம்பனையின் பரப்பளவு ரப்பரை விஞ்சிற்று. பேராக்கின் தென்பகுதியில், தெலுக் இந்தான், பாகான் டத்தோ வட்டாரங்களில் செம்பனை நிரைகள் கண்ணுக்கெட்டிய வரை பரந்தன. செம்பனையின் தண்டும் ஒரு கோலமே. ஓலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகையில், ஏறத்தாழ 137 பாகை விலகி விலகிச் சுழன்று அமைகின்றன. அதனால் தண்டினைச் சுற்றி 8 சுழல்வரிசைகள் தெளிவாய்த் தோன்றும். ஒரு சுழலில் முதலாம் ஓலைக்குக் கீழே நிற்பது ஒன்பதாம் ஓலை. அதற்குக் கீழே பதினேழாம் ஓலை. மரத்திற்கு எவ்வுரம் குறைந்துள்ளது என்பதை அறிய, வேளாண் அறிஞர் அப்பதினேழாம் ஓலையையே எடுத்து ஆய்கின்றனர். எல்லா ஓலைகளையும் எண்ண வேண்டியதில்லை. கோலம் தெரிந்தவர்க்கு மூன்றாம் படியில் விடை கிடைக்கும்.

இந்த 8 என்னும் எண்ணுக்கும் செய்யுளின் மாத்திரைக்கும் உறவு உண்டு என்றால் மாணவர் வியப்பர். குறில் ஒரு மாத்திரை. நெடில் இரண்டு மாத்திரை. ஒரு மாத்திரையை நிரப்பும் வழி ஒன்றே. இரண்டு மாத்திரையை இரு குறிலாலோ ஒரு நெடிலாலோ நிரப்பலாம், வழி 2. மூன்று மாத்திரைக்கு வழி 3; நான்கிற்கு 5; ஐந்திற்கு 8; ஆறிற்கு 13. ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்திய இரண்டின் கூட்டுத்தொகை. வடமொழி யாப்பினை ஆய்ந்த குசராத்து நாட்டுச் சமண அறிஞர் ஏமசந்திரர், 12ஆம் நூற்றாண்டிலேயே இவ்வரிசையை விளக்கினார். அவருக்கு முன்னரே விரகாங்கர் அதனைக் கண்டிருந்தார். இத்தாலி நாட்டு பிபொனாச்சி தம் நூலில் இதனை எழுதியது 1202இல்; உலகம் அவர் பெயராலேயே இதனை வழங்குகின்றது. செம்பனையின் சுழல், அன்னாசிப்பழத்தின் கண்கள், சூரியகாந்தியின் விதைகள் ஆகியவற்றில் பெரிதும் காணப்படுவன இவ்வெண்களே. குறிலையும் நெடிலையும் எண்ணிய புலவனும், செம்பனைத் தண்டில் ஓலையை எண்ணும் தொழிலாளியும் ஒரே வரிசையின் முன் நிற்கின்றனர்.

அண்டை அயலாரின் கைவினை

தமிழர் தனித்து வாழவில்லை. பேராக்கின் மலாய் மக்கள் தமக்கே உரிய கோலக் கலைகளை வளர்த்தவர். கோலகங்சாருக்கு அருகே சாயோங் என்னும் ஊரில் வனையப்படும் ‘லாபு சாயோங்’ என்னும் சுரைக்காய் வடிவ நீர்க்கலத்தில், ஈரம் உலருமுன் செதுக்கிய கட்டைகளால் அழுத்திப் பூவும் கோடும் வரிசையாய்ப் பதிப்பர். சூளையில் வெந்தபின் உமியிற் புதைத்துக் கருமையேற்றுவர். வெல்வெட்டுத் துணியில் பொன்னிழை வேயும் ‘தெக்காட்’ பின்னலுக்கும் அவ்வட்டாரம் புகழ் பெற்றது. நோன்புப் பெருநாளில் இளந்தென்னை ஓலையை மேலுங்கீழுமாய்ப் பின்னிக் ‘கெத்துப்பாட்’ முடையும் மலாய்ப் பெண்ணும், கோயில் விழாவிற்குத் தென்னங்குருத்தால் கிளியும் தோரணமும் முடையும் தமிழரும் கையாள்வது ஒரே ஓலை. மேலொன்று கீழொன்று என்னும் ஒரே விதியினின்று இரு பண்பாடுகள் இரு வடிவம் கண்டன.

ஈப்போ மாநகரில் இதற்கு வேறொரு சான்று உண்டு. புந்தோங் வட்டாரத்தில், எட்டயபுரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தார் முறுக்கும் கடலையும் செய்து விற்றுத் தம் தெருவிற்கே ‘கச்சாங் பூத்தே’ என்னும் பெயரைத் தேடித் தந்தனர். முறுக்கு என்பது முறுகிச் சுழன்ற கோலமே. மாவின் பதமும் எண்ணெயின் சூடும் கையின் சுழற்சியும் ஒன்றுபட்டாலன்றி அச்சுழல் நில்லாது. மலாயரும் சீனரும் தமிழரும் ஒருங்கே விரும்பி வாங்கிய அப்பண்டம், ஒரு கைப்பழக்கம் ஒரு குடியிருப்பின் வாழ்வாதாரமாய் உயர்ந்ததற்கு எடுத்துக்காட்டு.

கலைந்த கோடுகள்

நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி வெள்ளையர் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர் தம் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களைத் தாமே வாங்குதல் வேண்டும் என்னும் நோக்குடன், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் பல தோட்டங்களைக் காத்தது. ஆயினும் பின்வந்த பத்தாண்டுகளில் ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. செம்பனைக்கு வேண்டிய ஆட்கள் குறைவு. நகரை ஒட்டிய தோட்டங்களில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் புறநகர்க் குடியிருப்புகளுக்கும் பெயர்ந்தனர்.

லயம் போனதற்காக வருந்துவார் எவரும் இலர். ஒழுகும் கூரையும் பொதுக் குழாயும் இருட்டு அறையும் போனமை நன்மையே. ஆயினும் சுமத்தப்பட்ட ஒழுங்கு அழிந்தபொழுது, அதன் நடுவே மக்கள் தாமே படைத்த ஒழுங்கும் உடன் அழியலாயிற்று. அடுக்குமாடியின் பத்தாம் தளத்தில் வாசல் என்பது இரண்டடி நடைபாதை. அங்கே சாணம் தெளிக்க இயலாது. மாக்கோலம் அடுத்த வீட்டார் காலடியில் அழியும். ஒட்டுத்தாளில் அச்சிட்ட கோலம் கடையில் கிடைக்கின்றது. அஃது என்றும் அழியாது. ஆனால் அதனை ஒட்டுவதற்குப் புள்ளிக் கணக்கு அறிய வேண்டுவதில்லை. தீபாவளிக் காலத்தில் ஈப்போவின் பேரங்காடிகளில் வண்ண அரிசியால் இடப்படும் பெருங்கோலங்கள் எல்லா இனத்தாரையும் கவர்கின்றன. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆண்டுக்கு ஒருமுறை காணும் அக்காட்சி, நாள்தோறும் கை பழகிய கல்விக்கு ஈடாகுமா என்பதே வினா.

பால்மரம் சீவிய பெண்களின் தலைமுறை முதுமை எய்திவிட்டது. வெட்டின் சாய்வை அளவுகோலின்றிக் கண்ணால் அறிந்த அவர்கள், ஓரிழையில் முடியும் புள்ளிக் கணக்குகளை நினைவில் வைத்திருப்பவர்கள். அவர்களுள் பலர் தம்மைப் ‘படிக்காதவர்’ என்றே கூறிக்கொள்வர். தம் பேரப்பிள்ளைகள் கற்கும் காரணியும் சமச்சீரும் தொடர் எண்ணும் தம் கைகளில் முன்னரே இருந்தவை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் இலர். அப்பிள்ளைகளோ, கணிதம் என்பது எங்கிருந்தோ வந்த கடினமான பாடம், தம் குடும்பத்திற்குச் சற்றும் உறவில்லாதது என எண்ணி அஞ்சுகின்றனர். இவ்விரு தலைமுறைக்கும் நடுவே அறுந்து நிற்கும் இழையே இங்கு இழப்பு.

அவ்விழையை மீண்டும் முடிச்சிட வல்லவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். தோட்டத்து எல்லைக்குள் தோன்றிய பள்ளிகள் பல, தோட்டம் மறைந்தபின்னும் நகரிலும் புறநகரிலும் இடம் பெயர்ந்து வாழ்கின்றன. ஒரு மாணவி தன் பாட்டியிடம் அமர்ந்து ஐந்து கோலங்களைப் புள்ளிக் கணக்குடன் எழுதி வரட்டும். எத்தனை இழை என்பதை வகுப்பில் எண்ணட்டும். மீப்பெரு பொதுக் காரணியோடு ஒப்பிடட்டும். ஒரு மாணவன் தன் தாத்தாவிடம் மங்கு, உளி, பீலி, கோட்டுப்பால், கட்டிப்பால் என்னும் சொற்களைக் கேட்டுப் பொருளுடன் குறித்து வரட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் ஒரு பிற்பகலும் போதும்.

சீவிய மரங்கள் வெட்டப்பட்டு அறைகலன்களாயின. பட்டையில் எழுதிய நாட்குறிப்பு அவற்றுடன் போயிற்று. அதனை மீட்க இயலாது. வாசலில் எழுதிய கணக்கோ இன்னும் சில நினைவுகளில் உயிருடன் உள்ளது. அதனைக் கேட்டறிவதற்குரிய காலம் குறுகியது. கேட்போர் இருப்பின், சொல்வோர் இன்றும் இருக்கின்றனர்.